தேக்காவில் பேர்போன ஒரு பிரியாணிக் கடை

சிங்கப்பூரின் தேக்கா நிலைய உணவங்காடியில், கண்ணாடி தெரியாத அளவுக்குப் பத்திரிகைச் செய்திகளும் பிரமுகர்களின் படங்களும் ஒட்டப்பட்ட ஒரு கடையின் முன்னால் நண்பகலில் வரிசை நீண்டுவிடுகிறது. அத்தனை புகழுக்கும் ஆட்டிறைச்சி பிரியாணி ஓரளவு நியாயம் செய்கிறது என்றே சொல்வேன்: பாசுமதி அரிசி குழையாமல் உதிர்ந்திருந்தது, இறைச்சி எலும்பை விட்டு எளிதாகக் கழன்றது, தால்ச்சா என்ற பருப்புக் குழம்பில் புளிப்பு அளவோடு நின்றது. கோழி பிரியாணியில் மசாலா உள்ளே இறங்கவே இல்லை, அச்சார் ஊறுகாயும் நீர்த்திருந்தது.

2016இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கித் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி சிங்கப்பூருக்கு வந்தபோது, சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் இருந்த ஒரு சோயா சாஸ் கோழிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து அதை உலகறியச் செய்தது. 2021இல் அதே நட்சத்திரம் அதனிடமிருந்து போய்விட்டது. பிறர் சூட்டும் புகழைப் பிறர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்தப் பிரியாணிக் கடைக்கோ வேறொரு வகை அறிமுகமும் உண்டு. படமெடுக்க வந்தவர்களுக்கு நடுவே, பக்கத்துக் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் வந்து நின்றால், அவர்கள் வாய் திறப்பதற்குள் குழம்பைத் தனியாகக் கட்டிப் பொட்டலம் தயாராகிவிடுகிறது. (எனக்கு அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை.) சுவரில் ஒட்டிய படங்களைவிட இதையே நான் கடையின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வேன்.

உட்கார இடம் கிடைப்பது கடினம். பதினொன்றரை மணிக்கு முன்னரே சென்று, ஆட்டிறைச்சியை மட்டும் கேட்டு வாங்குங்கள்.