நாவற்குடாவிலிருந்து நகருக்கு: ஒரு பழைய சைக்கிளோடு மூன்று வருடங்கள்

2022 ஜூன் மாதக் கடைசியில் இலங்கையில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த வருடம் பிறந்தபோது அது 177 ரூபா. விலையையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் பெற்றோல் இல்லை. ஸ்கூட்டியை இரண்டு இரவு வரிசையில் விட்டுவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய வாரத்தில், மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டின் பின்புறத்தில் கிடந்த லேடீஸ் சைக்கிளை 18,000 ரூபாவுக்கு வாங்கினேன். ரயர், ரியூப், பிறேக் கட்டை எல்லாம் மாற்ற இன்னும் ஐயாயிரம் வரை போனது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கியர் இல்லை. முன்னால் கூடை, பின்னால் கரியர். சேலையோடு ஓட்டுவதற்குச் செயின் முழுவதையும் மூடும் தகடு கட்டாயம் வேண்டும். என் வண்டியில் பாதித் தகடுதான் இருந்தது. முதல் மாதத்திலேயே ஒரு நல்ல சேலையின் ஓரம் கிழிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. மாதம் இருமுறை செயினுக்கு எண்ணெய் விட்டும், இரண்டாம் வருடம் செயினும் பின் றிம்மும் துருப்பிடித்து மாற்ற வேண்டியதாயிற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில், நகருக்குப் போகும் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது காற்று நேர் முகத்தில் அறையும். நான் இறங்கி உருட்டிக்கொண்டு போன நாட்களும் உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு, ஐந்து கிலோமீற்றர் தூரம். ஸ்கூட்டியைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடம்தான் என் வீட்டு நேரசூசியையே மாற்றியது. காலையில் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்பதால் இரவுச் சமையல் ஏழரைக்கே முடிந்தது. சமையல் முடிந்ததால் மகளின் கணிதக் கொப்பியோடு உட்கார எனக்கு நேரம் கிடைத்தது. பத்து மணிக்குத் தூக்கம் வந்ததால், பாயில் படுத்துக்கொண்டு தொலைபேசியைத் தடவும் பழக்கம் தானாகவே குறைந்தது. இதில் எதையும் நான் திட்டமிடவில்லை. 'இனி வாழ்க்கையை மாற்றுவேன்' என்று அதற்கு முன் பலமுறை எடுத்த முடிவுகள் எதுவும் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். வேறு வழியில்லாமல் மிதித்தேன். 2023 செப்டெம்பரில் அந்த முறையும் நிறுத்தப்பட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மாரி மழைக்கு ஸ்கூட்டியை எடுத்தேன், அதில் தவறில்லை. ஆனால் மழை விட்டு, தை பிறந்து, மாசியும் வந்த பிறகும் சைக்கிள் சுவரோரமே நின்றது. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கும்: பின் ரயரில் காற்றில்லை. அவ்வளவுதான். ஒவ்வொரு காலையும் 'இன்று நேரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்' என்பேன். நாள் ஒன்றுக்கு ஒரு சின்னச் சமாதானமாக மூன்று மாதம் கழிந்தது. அந்த மாதங்களில் இரவுச் சாப்பாடு மீண்டும் ஒன்பதைத் தாண்டியது, மகள் தனியாகக் கணக்குச் செய்தாள், எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

என்னைத் திருப்பியவர் பாலத்தடியில் மீன் விற்கும் ஒரு முதியவர். சைக்கிளில் போகும்போது மாலையில் நின்று இறாலோ மணலை மீனோ வாங்குவேன். ஸ்கூட்டியில் வந்தால் நிற்கத் தோன்றுவதில்லை. ஒரு நாள் சமிக்ஞைக்காக நின்றபோது கூப்பிட்டு, "பிள்ளை, சைக்கிள் எங்கே? சுகமில்லையா?" என்றார். நான் நோயில் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அன்றிரவே பம்பைத் தேடி எடுத்தேன்.

அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எதில் போவது என்று காலையில் யோசிப்பதில்லை. அந்த நேரத்து மனம் எப்போதும் ஸ்கூட்டியின் பக்கம்தான் சாயும். ஞாயிறு மாலை இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, சைக்கிளைப் படலையோரம் நிறுத்தி, ஸ்கூட்டியை அதற்குப் பின்னால் விடுகிறேன். ஸ்கூட்டியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சைக்கிளை நகர்த்த வேண்டும். ஐந்து நாட்களின் போக்கை அந்த ஐந்து நிமிடம் தீர்மானிக்கிறது என்பதை அனுபவித்தே அறிந்தேன்.

உடம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வாங்கிய வருடம் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 118, நீரிழிவுக்கு முந்தைய நிலை. கடந்த மாதம் 101. மிதித்ததால் மட்டும் இறங்கியது என்று சொல்லமாட்டேன். நேரத்தோடு சாப்பிட்டதும் தேநீரில் சீனியைக் குறைத்ததும் அதில் சேரும். ஆனால் நேரத்தோடு சாப்பிட வைத்தது எது என்பது எனக்குத் தெரியும்.

வாங்க நினைப்பவர்கள் முழுச் செயின் தகடு உள்ளதாகப் பாருங்கள், துருப்பிடிக்காத றிம் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது போடுங்கள், வீட்டிலேயே ஒரு பம்ப் வைத்திருங்கள். மாரியில் பிடிவாதம் வேண்டாம். நான் ஸ்கூட்டியை விற்கவில்லை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அது வேண்டும். இந்த வருட அனுமதிப்பத்திரமும் புதுப்பித்துவிட்டேன். அடுத்த சம்பளத்தில் சைக்கிளுக்குப் பின் ரயர்.