பிள்ளைகளின் மனநிலை: எந்த வினாத்தாள் எதற்கு?

சிடிஐ (CDI), எஸ்எம்எஃப்க்யூ (SMFQ), பிஎச்க்யூ-ஏ (PHQ-A) மூன்றும் பிள்ளைகளின் மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் வினாத்தாள்கள். மூன்றும் கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. சின்னப் பிள்ளைகள் பதில் சொல்வதோ பெரும்பாலும் நேற்றையும் இன்றையும் வைத்துத்தான். எதை எடுத்தாலும் இந்தக் குறை கூடவே வரும். மற்றபடி மூன்றும் ஒன்றல்ல.

மரியா கோவாக்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிடிஐ 7 முதல் 17 வயதுக்கானது. மூல வடிவத்தில் 27 கேள்விகள், ஒவ்வொன்றிலும் மூன்று வாக்கியங்கள். தனக்குப் பொருந்தும் வாக்கியத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும்; கடுமைக்கு ஏற்ப அதற்கு 0, 1 அல்லது 2 மதிப்பெண். ஏறக்குறைய பாதிக் கேள்விகளில் கடுமையான வாக்கியம் முதலில் நிற்கும். அதனால் படிக்காமலே முதல் வரியை டிக் அடித்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு நடுத்தர மதிப்பெண் வந்துவிடும்; தொகையை மட்டும் பார்த்தால் பிடிபடாது, தாளைப் பார்க்க வேண்டும். 81 வாக்கியங்கள் என்பதால் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு நாமே படித்துக் காட்டுவதே சரி. மறுமுறை கொடுக்கும்போது சிகிச்சை இல்லாமலே மதிப்பெண் இறங்குவதும் உண்டு. அதை முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பள்ளியில் நிறையப் பேரை ஒரே நேரத்தில் பார்க்க எஸ்எம்எஃப்க்யூதான் எங்கள் தேர்வு. இலவசம், 13 வரிகள், அதிகபட்ச மதிப்பெண் 26. 12 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் பேச வேண்டும். அது நோய் முடிவு அல்ல. "எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை" என்ற வரிக்கு "உண்மை இல்லை" என்று குறிப்பதில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தொடங்குமுன் இப்படி ஒன்றைச் செய்து காட்டுங்கள். தற்கொலை எண்ணம் பற்றி இதில் கேள்வியே கிடையாது, ஆகவே குறைந்த மதிப்பெண் அந்த விஷயத்தில் எதையும் சொல்லாது.

பிஎச்க்யூ-ஏ பதின்பருவத்தினருக்கு. இதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தையே நேராகக் கேட்கிறது. அன்றே தாளைப் பார்த்துப் பேச ஆள் இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம். பசியின்மை, அதிகம் சாப்பிடுதல் இரண்டும் ஒரே கேள்வியில் இருப்பதால் எது என்று பிறகு கேட்க வேண்டியிருக்கும்.

சோகம் இல்லை என்பதாலேயே உற்சாகம் இருக்கிறது என்று ஆகாது. அதை அளக்க பானாஸ்-சி (PANAS-C) என்ற உணர்வு வினாத்தாளின் குறுவடிவம்: இனிய உணர்வு ஐந்து, துயர உணர்வு ஐந்து, தனித்தனித் தொகை. இரண்டையும் கூட்டாதீர்கள்.

ஏழு வயதுக்குக் கீழே, கேள்விகளுக்குப் பதிலாகச் சிரிப்பு முதல் அழுகை வரையிலான முகப்படங்களைக் காட்டினாலும் பலர் இரு ஓரத்து முகங்களையே தொடுவார்கள். அங்கே பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்பதே மேல்.