ஹை ஃப்ளக்ஸ் பாலிசல்ஃபோன் டயலைசர்: சிறுநீரகத்தின் அருகில் வைத்துப் பார்த்த மதிப்புரை

செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தை வடிகட்டும் இந்த டயலைசர், வெளியே வெறும் பிளாஸ்டிக் உருளையாகத் தெரியும்; அதற்குள், ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டர் உள்விட்டம் கொண்ட பாலிசல்ஃபோன் என்ற நெகிழியால் ஆன பல ஆயிரம் நுண்குழல் இழைகள் இருக்கின்றன. இழைகளுக்குள் இரத்தமும் வெளியே டயாலிசிஸ் கரைசலும் எதிரெதிராக ஓட, கழிவுகள் இழைச்சுவரைக் கடந்து வெளியேறுகின்றன. 1943இல் டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் தொத்திறைச்சி உறைக்கான செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றித் தொடங்கிய வேலை இது என்பதை எண்ணினால், வியப்பு குறையாது.

60 டால்ட்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள யூரியாவை இது நன்றாகவே நீக்குகிறது. 11,800 டால்ட்டன் எடையுள்ள சிறு புரதமான பீட்டா 2 மைக்ரோகுளோபுலினைச் சுமாராக நீக்குகிறது. அதை இன்னும் கூட்டலாம் என்று துளைகளைப் பெரிதாக்கினால், உடலில் நிற்க வேண்டிய இரத்தப் புரதமான ஆல்புமினும் (சுமார் 66,500 டால்ட்டன்) கசியத் தொடங்குகிறது. துளைகள் யாவும் ஒரே அளவில் அமையாததே இதற்கு முதன்மையான காரணம்.

சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸ் (நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு) நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடித்தும் ஆல்புமினைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடுகிறது. அங்கே இரத்தக்குழாயின் உட்சுவர், அதன் அடிப்படைச் சவ்வு, அதை வெளியிலிருந்து தழுவியிருக்கும் போடோசைட் செல்களின் கால்களுக்கிடையே உள்ள இடுக்குகள் என மூன்று அடுக்குகள் உள்ளன. கடைசி அடுக்கில் இருப்பவை வட்டத் துளைகள் அல்ல, நீண்ட இடுக்குகள் என்பதே எனக்கு முக்கியமான பாடமாகத் தோன்றுகிறது: எது கடக்கலாம் என்பதை இடுக்கின் அகலம் முடிவு செய்ய, நீளம் நீரோட்டத்தைக் கூட்டித் தருகிறது. ஆய்வாளர்கள் சிலிக்கானில் சீரான நானோ இடுக்குகளைச் செதுக்கிச் சவ்வு செய்திருப்பதும் இந்த வழியில்தான்.

இரத்தம் பட்டதும் புரதங்கள் இழையின் மேல் படிந்துவிடுவது இன்னொரு குறை. நீர்விரும்பும் பலபடியான (பாலிமர்) பாலிவினைல் பைரோலிடோனைக் கலந்து அதைக் குறைக்கிறார்கள்; ஆனால் உயிருள்ள சுவரோ தன் சர்க்கரைப் பூச்சைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

எல்லாப் பழியையும் வடிகட்டியின் மேல் போடுவதும் நியாயமில்லை. ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரியும் இன்டாக்ஸில் சல்ஃபேட் என்ற நச்சைக் குளோமெருலஸாலேயே போதிய அளவு வடிக்க முடியாது. அதை இரத்தத்திலிருந்து பிடித்துச் சிறுநீரில் தள்ளுபவை சிறுநீரகத்தில் குளோமெருலஸுக்கு அடுத்துள்ள சிறுநீர் நுண்குழல்களின் செல்கள். எனவே குளோமெருலஸை மட்டும் நகலெடுக்கும் சவ்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அரைச் சிறுநீரகம்தான். சுவருக்குள் கரித்துகள்களைப் பொதித்து இந்த நச்சை உறிஞ்சவைக்கும் ஆய்வக இழைகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. இப்போதைய டயலைசருக்கு ஐந்துக்கு மூன்று புள்ளிகள் தருவேன்.