இன்டர்ன்ஷிப்: புதுச்சேரியா, சென்னை ஓஎம்ஆரா?

கடலூரில் ஐ.டி. படித்த எனக்குக் கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு இடம் கிடைத்தது: சென்னை ஓஎம்ஆரில் ஒரு பெரிய நிறுவனம், புதுச்சேரியில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம். நான் புதுச்சேரிக்குப் போனேன், நண்பன் சென்னைக்குப் போனான். சென்னை பற்றி இங்கே வருவதெல்லாம் அவன் சொல்லிக் கேட்டதுதான்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர், ராத்திரி வீட்டுச் சாப்பாடு. சென்னை என்றால் ஹாஸ்டல், மெஸ் என்று உதவித்தொகை அதிலேயே கரைந்துவிடும். பயோடேட்டாவில் பெரிய பெயர் எடுபடும் என்பதும் உண்மை.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். நாம் எழுதும் புரோகிராமை, அதாவது கோடை (code), யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது வாரம், ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங் மென்பொருளில் பில் பட்டியல் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். என் லேப்டாப்பில் பத்து பில்லோடு சட்டென்று திறந்தது. நிஜ டேட்டாவில் நானூறு பில். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சீனியர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டேட்டாபேஸ் லாகை, அதாவது அதனிடம் கேட்ட கேள்விகளின் பதிவைத் திறந்தார். திரை முழுக்க ஒரே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வரி, வாடிக்கையாளர் எண் மட்டும் மாறி மாறி. "உன் கோடு எத்தனை தடவை போய்க் கேட்குதுன்னு எண்ணிப் பாரு தம்பி" என்றார். பட்டியலுக்கு ஒன்று, லூப்புக்குள் பில்லுக்கு ஒன்று, ஆக 401. பில்லையும் வாடிக்கையாளரையும் சேர்த்தெடுக்கும் ஒரு ஜாயின் போட்டு ஒரே குவெரி (கேள்வி) ஆக்கியதும் பக்கம் உடனே வந்தது. ஜாயினைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் என் கோடைச் சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய எந்தப் புல் ரிக்வெஸ்ட்டும் அவர் பார்க்காமல் போனதில்லை. தேதியை நாள் முதலில் வரும்படி (02-11, 10-03) டெக்ஸ்டாகச் சேமித்து, வரிசைப்படுத்தியதில் நவம்பர் 2 மார்ச் 10-க்கு முன்னால் வந்து நின்றபோது, அதையும் திருப்பி அனுப்பினார்.

நண்பனுக்கு முதல் ஆறு வாரம் பயிற்சி வீடியோ, பிறகு டெஸ்ட் கேஸ்களை (மென்பொருளில் எதையெதைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியலை) எக்செலில் நிரப்பும் வேலை. ஆனால் முடிவில் அவனுக்கு அங்கேயே வேலை கிடைத்தது, எனக்கு அது இல்லை. வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் அவன் வழியே சரியாக இருக்கலாம். ஒருவன் அனுபவத்தை வைத்துப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன்.

சின்ன அலுவலகம் எல்லாமே நல்லது என்றும் இல்லை. சீனியரே இல்லாத இடத்தில் தனியாக வெப்சைட் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். இன்டர்ன்ஷிப்புக்கு உங்களையே பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புதுச்சேரியோ, பக்கத்தில் திருச்சிற்றம்பலத்தில் 2024-ல் திறந்த மினி டைடல் ஐ.டி. பூங்காவோ, இன்டர்வியூவில் "என் கோடை யார் படித்துப் பார்த்து ரிவ்யூ செய்வார்?" என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால், அவரை ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது அண்ணனே எழுந்து வந்தார். மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நீ எழுதின கோடெல்லாம் வச்சிருக்கிற உன் கிட் (Git) கணக்கைத் திற, பார்க்கலாம்" என்றார்.