பழுதான ரெய்டு வட்டு: ஓட்டத்திலேயே மாற்றுவதா, அணைத்து மாற்றுவதா?

ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் வைத்திருக்கும் ரெய்டு 1 அமைப்பில் ஒரு வன்வட்டு பழுதானால், சர்வர் ஓடும்போதே அதை மாற்றலாம், அணைத்தும் மாற்றலாம். முதல் வழியில் சேவை தடைபடாது. ஆனால், வட்டை அடையாளம் காட்டும் வரிசை எண் அச்சிட்ட சீட்டு, வட்டைத் தாங்கும் தட்டுக்குள் மறைந்திருப்பதால், பழுதான வட்டின் விளக்கை மிளிரவைத்து உறுதிசெய்யாமல் உருவினால் நல்ல வட்டே கையோடு வந்துவிடக்கூடும். அணைத்துவிட்டால் சீட்டை நிதானமாகப் படிக்கலாம். எனினும், பல ஆண்டுகள் இடைவிடாது சுழன்ற மற்ற வட்டு மீண்டும் சுழலாமல் போகும் அபாயம் உண்டு என்பதால், முன்னதாகவே காப்புநகல் எடுத்தாக வேண்டும்.

வன்பொருள் இடம்கொடுத்தால் நான் முதல் வழியையே தேர்வேன். புதிய வட்டு பழையதைவிட ஒரு செக்டர்கூட (வட்டின் மிகச்சிறிய சேமிப்பு அலகு) சிறியதாக இருக்கலாகாது. இயங்குதளமே நடத்தும் மென்பொருள் ரெய்டு எனில், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரைப் புதிய வட்டிலும் நிறுவ வேண்டும் (இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்).