கைபேசிச் செயலியா, இணையச் செயலியா?

பல வருடம் கழித்து மறுபடி கோடு எழுத உட்காருகிறீர்கள், கொஞ்சம் காசும் வந்தால் நல்லது. எதை உருவாக்குவது?

கைபேசிச் செயலி என்றால் வாசலிலேயே கட்டணம்: ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒரே முறை 25. புதிய தனிநபர் கணக்கு என்றால், செயலியை வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். அந்த 12 பேரைப் பிடிப்பது கோடு எழுதுவதைவிடக் கஷ்டம்! விற்பனையிலும் கமிஷன் போகும். ஆனால் பணம் வசூலிக்கும் தலைவலி கிடையாது.

பிரவுசரிலேயே ஓடும் இணையச் செயலியில் தேதி தப்பாக விழுகிறது என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரியைத் திருத்தி சர்வரில் ஏற்றிவிடுகிறீர்கள். அவர் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்வதற்குள் சரியாகிவிடும். கைபேசியிலோ மறுபடி ஸ்டோரின் ரிவியூ, அப்புறம் அப்டேட்டே செய்யாத ஆட்கள் வேறு. விட்டுப்போன கை பழகுவதற்கு இந்த வேகம் ரொம்ப முக்கியம். செயலிக்குப் பயனர்களைச் சேர்ப்பது மட்டும் முழுக்க உங்கள் பாடு.

என் ஓட்டு இணையத்துக்கே. கேமராவோ நெட் இல்லாத நேரத்து உபயோகமோதான் உங்கள் யோசனையின் உயிர் என்றால், சரி, கைபேசிக்கே போங்கள்.