மிதிக்காமல் ஓடும் சைக்கிள்: பிஎம்எக்ஸுடன் மூன்று வருடம்

38 வயதில் பிஎம்எக்ஸ் வாங்கினேன், மேடு தாண்டவும் வித்தை காட்டவும் ஓட்டுகிற சின்ன, உறுதியான சைக்கிள். ஆசைப்பட்டது மகன், ஒட்டிக்கொண்டது எனக்கு. 20 அங்குலச் சக்கரம், குரோமோலி (உறுதியான எஃகுக் கலவை) ஃபிரேம், ஒரே கியர்: முன்னால் 25 பல், பின்னால் 9. மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூர் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் பம்ப் டிராக்கில், அதாவது மேடும் வளைவும் தொடர்ந்து வரும் தடத்தில், ஓட்டி வருகிறோம்.

முதல் மாதம் முழுக்க மூச்சு வாங்க மிதித்தேன். நாலாவது மேட்டுக்குள் வேகம் செத்துவிடும். அங்கே வேகம் மிதிப்பதால் வருவதில்லை, அழுத்துவதால் வருகிறது. மேடு ஏறும்போது கையையும் முழங்காலையும் மடக்கி, சைக்கிளை உடம்பை நோக்கி வரவிடுங்கள். உச்சி தாண்டி இறங்கும்போது கீழே அழுத்துங்கள். முதலில் முன்சக்கரத்துக்குக் கை, அப்புறம் பின்சக்கரத்துக்குக் கால். ஊஞ்சலில் நின்று உந்துகிற அதே கணக்குதான். சைக்கிள் ஏறி இறங்க, உங்கள் தலை மட்டும் ஒரே மட்டத்தில் போனால் சரியாக வருகிறது என்று அர்த்தம்.

சீட்டை அடிவரை இறக்கிவிடுங்கள், உட்காரும் வேலையே இல்லை. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கட்டும். வளைவில் சக்கரத்தைப் பார்க்காமல், வெளியே வரப்போகும் இடத்தைப் பாருங்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகுதான் தாண்டுவது. நான் பொறுக்கவில்லை. ஏறுமுகத்தில் ஹேண்டில்பாரை வெடுக்கென்று இழுத்தேன். முன்சக்கரம் மட்டும் மேலே போனது, கால் பெடலை விட்டு நழுவியது, சுழன்று வந்த பெடலின் இரும்பு முட்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கின. வரிசையாக நாலு புள்ளி, இன்றும் தழும்பாக இருக்கிறது. ஹெல்மெட்டோடு முழங்காலுக்குக் கீழே மாட்டும் ஷின் கார்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இழுப்பதால் சைக்கிள் எழும்பாது. ஏறுமுகத்தில் கால்களால் அழுத்தி நிமிர்ந்தால் மேடே தூக்கிவிடும். ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் மேசைபோல் தட்டையாக இருக்கும் மேட்டில், டேபிள்டாப்பில், பழகுங்கள். தூரம் போதாவிட்டால் தட்டையான மேல்பகுதியில்தான் இறங்குவீர்கள், பெரிய அடி படாது.

சைக்கிளைப் பற்றி: ஃபிரேமில் ஒரு கீறலைத் தவிர குறையில்லை. செயின் ஒருமுறை, பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங் ஒருமுறை, கிரிப் மூன்று முறை மாற்றினேன். டயரில் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ வைத்தபோது சோம்பலாக உருண்டது, இப்போது 60. கிளம்பும் முன் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிப் போட்டுப் பார்ப்பேன். ‘கடக்’ என்றால் ஹேண்டில்பாரைத் திருப்ப உதவும் பேரிங்கான ஹெட்செட் லூஸ், முறுக்காமல் ஏறமாட்டேன். மழை பெய்த மறுநாள் மண் டிராக்கில் தயவுசெய்து இறங்காதீர்கள். ஈரத்தில் விழும் தடம் காய்ந்து இறுகிவிட்டால் அடுத்து வரும் குழந்தையின் சக்கரம் அதில்தான் மாட்டும்.

மகன் இப்போது டேபிள்டாப்பை முழுசாகத் தாண்டி இறங்குமுகத்தில் இறங்குகிறான். இரண்டு சக்கரமும் சரிவில் ஒன்றாகத் தொடும்போது சத்தமே வராது. எனக்கு இன்னும் ஓரடி பாக்கி இருக்கிறது.